932 ரூபாய்க் கோப்பு

என் மேசையின் இடது ஓரத்தில் கோப்புகள் ஒரு அடுக்காக இருக்கும். மேலே கிடப்பவை இன்றோ நாளையோ அதிகாரியிடம் போகிறவை. நடுவில் இருப்பவை கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம். அடியில் இருப்பதை யாராவது கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். 2006ஆம் ஆண்டு ஜூன் முதல் நவம்பர் வரை அந்த அடியில் கிடந்தது ஒரே கோப்பு. ஓய்வு பெற்ற ஓர் இடைநிலை ஆசிரியையின் ஓய்வூதியக் கருத்துரு, அதாவது அவருக்கு ஓய்வூதியம் அனுமதிக்கக் கேட்டு அனுப்பும் கோப்பு.

நான் வேலை பார்த்தது பள்ளிக் கல்வித் துறை அலுவலகம் ஒன்றில். 1991இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த அதே அலுவலகத்துக்குப் பல ஊர் சுற்றிவிட்டு 2006 ஜூனில் உதவியாளராகத் திரும்பி வந்தேன். அந்த டீச்சர் அதற்கு முந்தின மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வுக்கு முன்பே சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டிய கருத்துரு, போகவில்லை. எனக்கு முன் அந்த இருக்கையில் இருந்தவர் எஸ்.ஆர். எனப்படும் பணிப் பதிவேட்டைக் கூடப் பிரிக்காமல் மாறுதலில் போய்விட்டார். சரி, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று பிரித்தேன்.

1993ஆம் ஆண்டுப் பக்கத்தில் கை நின்றது. ஏப்ரல் 1ஆம் தேதி ஆண்டு ஊதிய உயர்வு வழங்கிய பதிவு. எழுத்து என்னுடையது. சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத காலத்தில் நான் எழுதியது; அன்றைய அதிகாரி பச்சை மையில் ஒப்பமிட்டிருக்கிறார். அதற்கு முந்தின பக்கத்தில், 1992இல் டீச்சர் தாயாரைப் பார்த்துக்கொள்ள 94 நாள் ஊதியமில்லா விடுப்பு எடுத்த பதிவு இருக்கிறது. மருத்துவச் சான்று இல்லாத விடுப்பு. அந்த நாட்கள் ஊதிய உயர்வுக்குச் சேராது. எங்கள் பக்கம் ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று காலாண்டின் முதல் தேதியில்தான் வரும். ஏப்ரலில் வர வேண்டியது அந்த வருடம் ஜூலைக்குப் போயிருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை. எனக்குப் பின் அந்த இருக்கையில் உட்கார்ந்தவர்களும் கவனிக்கவில்லை.

பதிவேட்டை மூடினேன். மூடியதும் ஒரு நிம்மதி வந்தது. இப்போது யோசித்தால் அந்த நிம்மதிதான் வினையே. பல் வலிக்கு மாத்திரை போட்ட மாதிரி. மறுபடி வலித்தால் மறுபடி ஒரு மாத்திரை.

அந்த ஐந்து மாதமும் நான் சோம்பி உட்கார்ந்திருந்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் பணிக்காலத்திலேயே மிகச் சுறுசுறுப்பாக இருந்த மாதங்கள் அவை. தபால் வந்த அன்றே பதிந்தேன். பத்து வருடப் பழைய கட்டுகளைப் பிரித்து, தூசி தட்டி, ஆண்டுவாரியாகப் பதிவறைக்கு அனுப்பினேன். பக்கத்து இருக்கைக்காரரின் பட்டியலைக்கூட நான் போட்டுக் கொடுத்தேன். மாலையில் களைத்துப்போய் வீட்டுக்குப் போகும்போது, இன்றைக்கு எவ்வளவு வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது பொய்யும் இல்லை.

மாதக் கடைசியில் தன்பதிவேடு கண்காணிப்பாளர் மேசைக்குப் போகும். எந்தக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அதில் எழுத வேண்டும். ஒரு கோப்பைத் தள்ளிப்போட அரசு அலுவலகத்தில் மிக மரியாதையான வழி ஒன்று உண்டு: யாரிடமாவது ஒரு விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதிவிடுவது. நான் டீச்சர் முன்பு வேலை பார்த்த பள்ளிக்கு, ஏற்கெனவே பதிவேட்டில் இருந்த ஒரு விவரத்தைக் கேட்டு எழுதினேன். 'விவரம் கோரப்பட்டுள்ளது' என்று தன்பதிவேட்டில் ஏற்றினேன். அடுத்த மாதம் 'நினைவூட்டு 1'. அதற்கடுத்து 'நினைவூட்டு 2'. பார்க்கிறவர்களுக்குக் கோப்பு நடந்துகொண்டிருந்தது. பள்ளித் தலைமையாசிரியர் பாவம், எதற்கு இதைக் கேட்கிறார்கள் என்று அவருக்கும் புரிந்திருக்காது, பதில் போடவில்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

டீச்சர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திங்கட்கிழமை வருவார். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். இடைக்கால ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது, ஓய்வின்போது மொத்தமாக வரும் பணிக்கொடைதான் நின்றிருந்தது. அதை நம்பி மகள் வீட்டுக்கு மாடி எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு நாளும் அவர் சத்தம் போட்டதில்லை. "சார், சாப்பிட்டீங்களா?" என்பார். "வந்துரும் டீச்சர், ஒரு விவரம் வரணும்" என்பேன். திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். ஒரு திங்கட்கிழமை அவர் படியேறி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பின்பக்கமாகப் பதிவறைக்குள் போய் முக்கால் மணி நேரம் நின்றேன். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

முதல் வாரத்தில் அந்தக் கோப்பில் ஒரு தவறுதான் இருந்தது: கவனக்குறைவு. ஐந்தாம் மாதத்தில் அதோடு தாமதம் சேர்ந்தது, பொய்க் கடிதங்கள் சேர்ந்தன, பதிவறை சேர்ந்தது. இனி எடுத்தால் 'இவ்வளவு நாள் ஏன் எடுக்கவில்லை' என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். வட்டிக்கு வாங்கிய கடன் போல, அசலைவிட அதுதான் பெரிதாகிவிட்டது. ஒழுங்கு நடவடிக்கைக்கான 17பி குறிப்பாணை வரும், என் ஊதிய உயர்வு நிற்கும் என்றெல்லாம் ராத்திரியில் ஓடும். ஆனால் அந்த ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட நான் செய்யாத காரியம், அதிகமாகக் கொடுக்கப்பட்ட தொகை எவ்வளவு என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தது.

போட வைத்தது எங்கள் கண்காணிப்பாளர் அம்மா. நவம்பர் மாதம் தன்பதிவேட்டைப் பார்த்தவர், 'நினைவூட்டு 3' என்ற வரியில் விரலை வைத்தபடி சும்மா இருந்தார். பிறகு பதிவேட்டை எடுத்துக்கொண்டு என் இருக்கைக்கே வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, இந்தக் கோப்புல உங்களுக்கு என்ன பயம்?"

ஏன் தாமதம் என்று கேட்டிருந்தால் என்னிடம் பத்துப் பதில் தயாராக இருந்தது. இந்தக் கேள்விக்கு ஒன்றும் இல்லை. 1993ஆம் ஆண்டுப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "சரி, கால்குலேட்டரை எடுங்க" என்றார்.

1996 தொடக்கத்தில் டீச்சருக்கு இருபது ஆண்டு முடிந்து சிறப்பு நிலை என்ற மேல் ஊதிய நிலை வந்துவிட்டதால், ஊதிய உயர்வுத் தேதி அப்போது மாறியிருந்தது. ஆகவே தவறு மூன்றே ஆண்டுகளுக்கு. ஆண்டுக்கு மூன்று மாதம், மாதம் 50 ரூபாய், அதற்குரிய அகவிலைப்படி. எல்லாம் சேர்த்து 932 ரூபாய். இருபது நிமிடம் ஆயிற்று. அம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு வந்ததும், வேற எதையும் தொடாம, இந்தக் கணக்கை அலுவலகக் குறிப்புல எழுதுங்க. டீக்கு முன்னாடி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இந்த விஷயத்தைப் பற்றி நான் தேடிப் படித்தது வெகு காலம் கழித்து. 2013இல் ஃபூஷியா சிராய், டிமத்தி பிச்சில் என்ற இரு உளவியலாளர்கள், தள்ளிப்போடுவது நேரத்தைக் கையாளத் தெரியாத குறை என்பதைவிட, அந்த நேரத்து மனநிலையைச் சமாளிக்கும் வழி என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு வேலையை நினைத்தால் வரும் பயமோ சலிப்போ வெட்கமோதான் தாங்க முடிவதில்லை. வேலையை ஒதுக்கினால் அது உடனே குறைகிறது. நான் எஸ்.ஆரை மூடியபோது வந்த நிம்மதி ஞாபகம் வந்தது. வள்ளுவரும் கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம் என்று நான்கைச் சொல்கிறார்: 'நெடுநீர் மறவி மடிதுயில்'. நெடுநீர் என்றால் காலம் நீட்டிக்கும் குணம். மடி என்றால் சோம்பல். இரண்டையும் தனித்தனியாக எண்ணியிருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு தடவை என்று நினைத்திருக்கிறேன்.

கெடு வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். கெடு வேலை செய்யும், ஆனால் ஒரு மாதிரியாகத்தான் செய்யும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. 30 நாளில் பதில் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம், அதுவும் தகவல் அலுவலரின் சொந்தப் பணம். எங்கள் அலுவலகத்தில் அந்த மனுக்கள் ஒன்றுகூடத் தவறாது. ஆனால் பெரும்பாலானவை 28ஆம் நாள்தான் அசையும். இருபத்தேழு நாள் அதே பயம், அதே அடுக்கின் அடி. டீச்சரின் கோப்புக்கு அந்தக் கெடுவும் இல்லை.

அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்டது அம்மா சொன்ன அந்த ஒரு வழக்கத்தைத்தான். மாலை கிளம்பும் முன் அடுக்கின் அடியில் இருக்கும் கோப்பை எடுத்து மேலே வைத்து, ஒரு துண்டுச் சீட்டில் மறுநாள் செய்யும் முதல் காரியத்தை எழுதிக் குத்திவிடுவேன். 'கோப்பை முடிக்க வேண்டும்' என்று எழுதினால் மறுநாள் அது மறுபடி கீழே போய்விடும். '14ஆம் பக்கம் விடுப்பு நாட்களைக் கூட்டு' என்று எழுதினால் கை தானாகப் போகிறது. எல்லா நாளும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். நீதிமன்றத் தடை உள்ள கோப்பு போலக் காத்திருக்க வேண்டியவையும் உண்டு. அவற்றைச் சாக்காக வைத்து மற்றதையும் காக்க வைத்த நாட்களும் உண்டு.

இன்னொன்றும் படித்தேன். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2010இல் வெளிவந்த ஆய்வு. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்களாம். எனக்கு முதலில் இது கொஞ்சம் சௌகரியமான தத்துவமாகப் பட்டது. தவறு செய்தவன் தன்னையே மன்னித்துக்கொண்டால் பேருந்தில் வந்து போனவருக்கு என்ன பதில்? ஆனால் அம்மா அன்று என்னைத் திட்டியிருந்தால் நான் பதிவறைக்குள் இன்னும் ஆழமாகத்தான் போயிருப்பேன் என்பதும் தெரியும்.

டீச்சர் 932 ரூபாயைச் சலான் போட்டுக் கட்டினார். "இதுக்கா சார் இவ்வளவு நாள்?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரலே இல்லை. "ஆமாம் டீச்சர், ஒரு பழைய பதிவுல தவறு" என்றேன். பிப்ரவரியில் பணிக்கொடை வந்தது. ஒரு பை காராச்சேவு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான் ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் அலுவலகம் முழுக்கப் பங்கு வைத்துவிட்டேன்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. ஓய்வூதியர் நேர்காணலுக்குக் கருவூலத்துக்குப் போகும்போது டீச்சரைப் பார்ப்பேன். கைத்தடி வந்துவிட்டது. "சாப்பிட்டீங்களா சார்?" என்பது மாறவில்லை. அந்தப் பழைய பதிவை எழுதியவன் நான்தான் என்று சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். போன முறை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம், முக்கால் மணி நேரம் இருக்கும். வெயிலைப் பற்றிப் பேசினோம்.