கடலைக்குப் பாதி, கொடிக்குப் பாதி

நிலக்கடலை அறுவடை முடிந்ததும் எல்லோரும் கேட்பது எத்தனை மூட்டை என்றுதான். கொடி எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. மாடு வைத்திருக்கிற எனக்கு அதுதான் முதல் கேள்வி. வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம் தேறினால் அதிகம். இலை உதிராத கடலைக்கொடியில் 10 சதவீதத்தையும் தாண்டும். ஆனால் அந்தச் சத்தில் பெரும்பங்கு இலையில்தான். வெறும் தண்டாகப் போட்டால் என் சிவப்பி முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

அதனால் எனக்குப் பெரிய எதிரி இலைப்புள்ளியும் துரு நோயும். காய் முற்றுகிற நேரத்தில் வந்து இலையைக் கொட்டவைக்கும். பருப்பும் சிறுக்கும், தீவனமும் போகும். நோய் தாங்கும் ரகமாகப் பார்த்து விதைப்பேன். அதே நிலத்தில் அடுத்த போகம் கடலை கிடையாது, ஏதாவது தானியம்தான். மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால், அதற்குப் பிறகு எத்தனை நாள் கழித்துக் கொடியை மாட்டுக்குப் போடலாம் என்று லேபிளில் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்.

விதைத்த 40, 45 நாளில், சுண்ணாம்புச் சத்துக்காக ஜிப்சம் போட்டு மண் அணைப்பேன். வளரும் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராகவே எடுத்துக்கொள்கிறது, வேர் கொடுத்து அனுப்புவது போதாது. சுண்ணாம்பு குறைந்தால் காய் பொக்காகும், விதையின் முளைப்பும் கெடும். பூவிலிருந்து காய் பிடிக்கும் விழுது மண்ணுக்குள் இறங்கிய பிறகு களைக்கொத்தைக் கொண்டு அந்தப் பக்கமே போகக்கூடாது.

எப்போது பிடுங்குவது என்பதில்தான் இரண்டு பக்கமும் இழுக்கும். அங்கங்கே சில செடிகளைப் பிடுங்கி ஓட்டை உடைத்துப் பார்ப்பேன். முக்கால்வாசிக் காய்களில் ஓட்டின் உட்பக்கம் கறுத்திருந்தால் சரி, பிடுங்கிவிடலாம். மிச்சமும் முற்றட்டும் என்று காத்திருந்தால் இலை உதிரும், காம்பு இற்றுக் காய் மண்ணிலேயே தங்கும். படராமல் கொத்தாக வளரும் நிலக்கடலை ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு விதை உறக்கமும், அதாவது முற்றிய பிறகு சில காலம் முளைக்காமல் கிடக்கும் குணமும், கிடையாது. ஒரு மழை பெய்தால் உள்ளேயே முளைத்துவிடும்.

பிடுங்கியதும் காய் மேலே இருக்கும்படி தலைகீழாகப் போட்டு உலர்த்த வேண்டும். குவித்து வைத்தால் பூசணம்தான். காய் ஆய்ந்த கொடியை மண் போக உதறி, மெல்லியதாகப் பரப்பிக் காயவைப்பேன். போர் போடுவது விடியற்காலையில், பனி ஈரம் இருக்கும்போதே. உச்சி வெயிலில் தொட்டால் இலை பொடிப்பொடியாய் உதிரும். பச்சைக்கொடியை ஒரேயடியாகப் போடமாட்டேன், வயிறு உப்பும். வைக்கோலோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான். பூசணம் பிடித்த கொடியை மனசு கேட்காமல் மாட்டுக்குப் போடுகிறவர்கள் உண்டு. அதில் அஃப்ளாடாக்சின் என்கிற பூசண நஞ்சு இருந்தால் பாலில் வந்துவிடும், காய்ச்சினாலும் போகாது. எனக்கு அது எருக்குழிக்குத்தான்.

விதைக்கடலையை ஓட்டோடு வைத்திருந்து, விதைக்கப் போகும்போதுதான் உடைப்பேன், அதுவும் கையால். சிவப்புத் தோல் கிழிந்த பருப்பு முளைக்கும் என்று நம்பமுடியாது.