டாம் ஜான்ஸ்டன் எஸ்ஸேல நான் சொதப்பின கதை

ஸ்காட்லாந்து கிளாஸ்கோல மாஸ்டர்ஸ் பண்ணப்போ எனக்கு விழுந்த எஸ்ஸே டாபிக் டாம் ஜான்ஸ்டன், லேபர் கட்சி அரசியல்வாதி. 1881ல கிர்க்கின்டில்லாக்ல பொறந்தாரு, 1906ல ஃபார்வர்ட்ங்கற சோஷலிஸ்ட் வாரப் பத்திரிகை ஆரம்பிச்சாரு, 1922ல எம்.பி., 1941ல ஸ்காட்லாந்து மந்திரின்னு கைட் புக் மாதிரி அடுக்கி குடுத்தேன். திரும்பி வந்த பேப்பர்ல ஓரமா பென்சில்ல ஒரே ஒரு வார்த்தை, "அதனால?" செம கடுப்பு.

யோசிச்சுப் பாத்தா கேட்டதுல தப்பே இல்ல. இந்த ஆள்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: 1909ல ஸ்காட்லாந்து பிரபுக் குடும்பங்க நிலத்த எப்படிச் சுருட்டினாங்கன்னு புக் போட்டு கிழிச்சவரு, கன்சர்வேட்டிவ் கட்சி சர்ச்சிலோட போர்க்கால அரசாங்கத்துல போய் எப்படி உட்கார்ந்தாரு? நீங்களும் அப்படி ஒரு கேள்வியப் புடிச்சிட்டு அப்புறம் எழுத ஆரம்பிங்க, தேர்தல்ல தோத்தது ஜெயிச்சது எல்லாம் ரெண்டு வரி போதும்.

எனக்கு கைகுடுத்தது முதல் உலகப்போர் நடுவுல நடந்த 1915 கிறிஸ்துமஸ் கூட்டம். ஆயுதத் தொழிற்சாலைல தொழில் பழகினவங்க வேலையப் பிரிச்சு பழகாதவங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் குடுக்கணும்னு பேச அப்போ ஆயுதத் துறை மந்திரியா இருந்த லாயிட் ஜார்ஜ் கிளாஸ்கோ வந்தாரு, தொழிலாளிங்க கத்திக் கூச்சல் போட்டு பேசவே விடல, ஆனா மத்த பேப்பர்லாம் அரசாங்கம் குடுத்த ரிப்போர்ட்டத்தான் போட்டுச்சு. ஃபார்வர்ட் மட்டும் நடந்தத நடந்தபடி போட, காப்பியெல்லாம் பறிமுதல் பண்ணி சுமார் ஒரு மாசம் பத்திரிகையவே நிறுத்திட்டாங்க. மைக்ரோஃபிலிம் மெஷின்ல கைப்பிடிய சுத்தி சுத்தி கண்ணு பூத்துப்போச்சு, ஆனா ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சப்பதான் எஸ்ஸேக்கே உசுரு வந்துச்சு.

அடுத்து, ஜான்ஸ்டன் மந்திரியா இருந்தப்போ கொண்டுவந்த 1943 ஹைட்ரோ சட்டம், அதாவது நீர் மின்சாரச் சட்டம். ஸ்காட்லாந்தோட வடக்கு மலைப்பகுதி ஹைலேண்ட்ஸ்ல ஆத்துத் தண்ணில கரண்ட் எடுத்து அங்க இருக்கற வீடுகளுக்கும் குடுக்கற திட்டம், அதுக்கு முன்னாடி வந்த திட்டங்கள எதிர்த்ததுல நிலச்சுவான்தார்களும் உண்டு. அப்போ மனுஷன் மாறல, பேனாவுக்குப் பதிலா சட்டம்னு ஆயுதத்த மாத்திக்கிட்டாரு, இது என் வாதம், நீங்க ஒத்துக்கணும்னு இல்ல.

ஒரு எச்சரிக்கை. 1952ல அவரே எழுதின நினைவுக் குறிப்ப அப்படியே நம்பி மேற்கோள் போடாதீங்க, பெரிய மனுஷனா ஆனப்புறம் இளம் வயசு கோபத்த எழுதறாரு, அத 1952ஓட சாட்சியமா மட்டும் எடுத்துக்கோங்க.

கிர்க்கின்டில்லாக் கிளாஸ்கோலேர்ந்து பஸ்ல போற தூரம்தான். நான் எஸ்ஸே குடுத்தப்புறம் போனேன், நீங்க முன்னாடியே போயிடுங்க.