ஒன்று, மூன்று, எட்டு

அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் கட்டுகிற இடத்தில் வேலை பார்த்தேன் என்று சொன்னால், சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது கதிர்வீச்சு பற்றித்தான். அணு உலைப் பகுதியை நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதற்குத் தனி அனுமதி, தனி ஆட்கள். வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸில், ஜேம்ஸ் நதிக்கரையில் எனக்கு வாய்த்தது திட்டமிடல் வேலை. எந்தத் துண்டு எப்போது, எந்த நிலையில் கிரேனுக்குப் போக வேண்டும் என்று வரிசை போடுவது. குடியுரிமை வாங்கிய பிறகுதான் அதுவும் கிடைத்தது.

கப்பல், ஜெரால்ட் ஆர். ஃபோர்டு. 330 மீட்டருக்கு மேல் நீளம், சுமார் ஒரு லட்சம் டன் எடை. இத்தனை பெரியதை அடியிலிருந்து நுனிவரை ஒரே இடத்தில் கட்டிக்கொண்டு போவதில்லை. இரும்புத் தகடுகளைப் பட்டறையில் சின்னச் சின்ன அலகுகளாக்கி, அவற்றைச் சேர்த்து 'சூப்பர்லிஃப்ட்' என்கிற பெரிய துண்டுகளாக்கி, தண்ணீரை வடித்துவிட்ட பெரிய பள்ளமான உலர்துறைக்குள் இறக்கிப் பற்றவைப்பார்கள். மேலே நிற்கிற நீல நிற கேன்ட்ரி கிரேன் ஆயிரம் டன்னுக்கு மேல் தூக்கும். 2013 ஜனவரியில் மேல்தளக் கோபுரத்தை ஏற்றியபோது அதன் எடை 555 டன்.

சேர்ந்த புதிதில் என் ஃபோர்மேன் சொல்லிக்கொடுத்தது, கப்பல் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கணக்கு: ஒன்று, மூன்று, எட்டு. பட்டறையில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை, வெளியே துண்டுகளைச் சேர்க்கும் இடத்தில் மூன்று மணி நேரம், கப்பலுக்குள் எட்டு மணி நேரம். பட்டறையில் அலகைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுக் குனிந்து பற்றவைக்கலாம். அதே இடத்துக்குக் கப்பலுக்குள் போனால் சாரம் கட்ட வேண்டும், புகை போக்கக் குழாய் இழுக்க வேண்டும், அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், தீப்பொறியைக் கவனிக்க ஒரு ஆள் கூடவே நிற்க வேண்டும். அப்புறம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வெல்டிங். எட்டு என்பதே குறைச்சல் என்பது என் எண்ணம்.

வாசல் வழியாகப் போகாத கனமான எதுவும் மேல்தளம் மூடும் முன்பே உள்ளே போயாக வேண்டும். கட்டிலைப் போட்டுவிட்டுச் சுவர் எழுப்புகிற கதைதான். தவறவிட்டால் தளத்தை அறுக்க வேண்டும். 50 வருட ஆயுளின் நடுவில் உலைக்கு எரிபொருள் மாற்றும்போது தெரிந்தே அப்படி அறுக்கிறார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் கப்பல் அதற்காக 2017-ல் உள்ளே போய் 2023-ல்தான் வெளியே வந்தது.

வெயிலும் ஒரு தொல்லை. பகலில் இரும்பு விரியும். பற்றவைத்த இடம் ஆறினால் சுருங்கும். முக்கியமான அளவுகளை விடிவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பதால், அளவெடுப்பவர்கள் பலர் ராத்திரி ஷிப்டிலேயே இருப்பார்கள்.

வெளியே கெட்ட பெயர் வாங்கித் தந்தது, குண்டுகளையும் ஏவுகணைகளையும் மேலே கொண்டுபோகும் ஆயுத லிஃப்ட். மொத்தம் 11. கம்பிக் கயிறு கிடையாது, மின்காந்த மோட்டார். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 11 டன் தூக்கும். கப்பல் கடற்படையில் சேர்ந்தது 2017 ஜூலையில். கடைசி லிஃப்டை ஒப்படைத்தது 2021 டிசம்பரில். புதிய தொழில்நுட்பங்களை மூன்று கப்பல்களில் படிப்படியாகப் புகுத்துவதாகத்தான் முதலில் திட்டம். எல்லாவற்றையும் முதல் கப்பலிலேயே வைப்பது என்று 2002-ல் பாதுகாப்புத் துறை முடிவெடுத்தது. வடிவமைப்பே பழுக்காத ஒன்றை எந்த அட்டவணையில் எங்கே வைப்பது? லிஃப்டுக்கான வேலைகள் எட்டு மணி நேரக் கட்டத்தில் போய்க் குவிந்ததில் ஆச்சரியமில்லை.

துண்டுகளைக் கிரேன் தூக்கி வைத்த தடவைகளைத் தூக்குகள் என்று எண்ணுவோம். ஃபோர்டுக்கு முந்தைய நிமிட்ஸ் வகையின் கடைசிக் கப்பலுக்கு 594 தூக்குகள், ஃபோர்டுக்கு 496, அதே வகையில் அடுத்த கப்பலான கென்னடிக்கு 445. தூக்குகள் குறைந்தன என்றால் துண்டுகள் பெரிதாயின, உள்வேலை கீழேயே முடிந்தது என்று அர்த்தம். பத்திரிகைகள் எழுதியது விமானங்களை ஏவும் மின்காந்தக் கவணைப் பற்றி. நாங்கள் பார்த்துச் சந்தோஷப்பட்டது இந்த எண்களை.