அம்மாவின் இன்ச் டேப்

மாட்டுப் பொங்கல் இரவு. ஊர் மந்தையில் டியூப் லைட் கட்டி, மண் தரையில் பெண்கள் கபடி. பாடிப் போன நான் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். கார்னரில் நின்ற பெண் கணுக்காலுக்குப் பாய்ந்தாள். தாவி விலகினேன். இடது கால் மண்ணில் ஊன்றியபடியே நிற்க, உடம்பு மட்டும் நடுக்கோட்டுப் பக்கம் திரும்பியது. காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் முழங்காலுக்குள் ‘பட்’ என்றது. என்னை யாரும் தொடவே இல்லை. அதனாலேயே நான் நடிப்பதாகச் சிலர் நினைத்தார்கள்.

விடிவதற்குள் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. ஊர் வழக்கப்படி கட்டுப் போடும் வைத்தியரிடம் போனோம். எண்ணெய், மூங்கில் தப்பை, ஆறு வாரம். பிரித்தபோது வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எலும்பு முறிந்திருந்தால் கூடியிருக்கும். ஆனால் அறுந்தது மூட்டுக்கு நடுவே, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகப் பிணைக்கும் ஜவ்வு. முழுதாக அறுந்தால் அது தானாக ஒட்டுவது அபூர்வம். நேராக நடக்கலாம், ஓடக்கூடச் செய்யலாம். சட்டென்று திரும்பினால் மட்டும் முழங்கால் வழுக்கும். மூன்றாவது முறை வழுக்கியது பஸ் படிக்கட்டில். அதற்குப் பிறகுதான் எம்ஆர்ஐ எடுத்தோம்.

அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனையில் நடந்தது. அறுந்ததைத் தைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. தொடையின் பின்பக்கத்திலிருந்து என்னுடைய தசைநாரையே எடுத்து, இரண்டு எலும்பிலும் துளையிட்டுக் கோத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத நினைத்தேன். முதல் இரண்டு வாரம் எனக்கிருந்த ஒரே வேலை, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து முழங்காலைக் கீழே அழுத்துவது. கால் முழுதாக நீளாவிட்டால் வாழ்நாள் முழுக்க நொண்டிதான் என்று பிசியோ அக்கா முதல் நாளே பயமுறுத்தியிருந்தார். தொடையை இறுக்கச் சொன்னால் வலது தொடை கல்லாகும். இடது தொடை அசையாது. மூட்டில் வீக்கம் இருக்கும்வரை தசைக்குப் போகும் உத்தரவு பாதியில் நின்றுவிடுமாம். முப்பது விநாடி மூச்சுப் பிடித்துப் பாடியவள், சொந்தத் தொடை இம்மியளவு துடித்ததற்கு அழுதேன்.

அடுத்தது மடக்குவது. மொசைக் தரையில் முகப்பவுடரைக் கொட்டி, காலுறை போட்ட குதிகாலைப் பின்னால் இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை. விடாமுயற்சி என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தப் பவுடரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. குத்துக்காலிட முடியாமல், நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியைக் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போனதைப் பற்றியும்தான்.

அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். முழங்கால் சில்லுக்கு மேல் 10 சென்டிமீட்டரில் பேனாவால் கோடு போட்டு, ஞாயிறுதோறும் டேப்பைச் சுற்றுவார். அவருக்கு இன்ச் கணக்குத்தான் வரும். பிசியோ அக்காவுக்கோ சென்டிமீட்டர் வேண்டும். டேப்பைத் திருப்பிப் பிடித்து எண்ணைச் சத்தமாகப் படிப்பார், நான் காலண்டரில் குறிப்பேன். முதல் ஞாயிறு வலது 49, இடது 44.5.

மூன்றாவது மாதம்தான் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. வலி போய்விட்டது, படி ஏறுகிறேன், கால் என்னுடையதாகிவிட்டது. மாவட்ட அணித் தேர்வு வேறு வருகிறது. அக்காவிடம் கெஞ்சினேன். அவர் சொன்னது: “வைத்த தசைநாருக்கு முதலில் ரத்த ஓட்டம் கிடையாது. உடம்பு அதைக் கரைத்துக் கரைத்துத்தான் புதிதாகக் கட்டும். கால் சரியாகிவிட்டது என்று நீ நினைக்கிற இந்த வாரங்களில்தான் அது ரொம்பப் பலவீனமாக இருக்கிறது.” தலையாட்டிவிட்டு வந்து, இரவில் யாருக்கும் தெரியாமல் களத்துமேட்டைச் சுற்றி ஓடினேன். காலையில் மறுபடி தேங்காய். நல்லவேளை, ஜவ்வு தப்பியது. இரண்டு வாரம் பின்னால் போனேன். மூச்சடக்கிப் பழகியவளுக்குச் சும்மா இருப்பதுதான் பிடிபடவில்லை.

நான்காம் மாதம் மெதுவோட்டம், ஆறாம் மாதம் தாவல். ஒன்பதாம் மாதம் ஒற்றைக்கால் சோதனை: சாக்பீஸ் கோட்டிலிருந்து ஒரே காலால் தாண்டி, அதே காலில் தடுமாறாமல் நிற்க வேண்டும். வலது 132 சென்டிமீட்டர், இடது 113. நூற்றுக்கு 86. குறைந்தது 90 வேண்டும். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கபடி மாஸ்டரிடம் முகம் காட்டாமல் ஐந்து வாரம் பெஞ்சில் ஒற்றைக்காலால் ஏறி இறங்கினேன். அடுத்த முறை 133, 124. அக்கா தாளில் டிக் அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பெண்கள் களத்தில், பாடிப் போகிறவள் தாண்டியாக வேண்டிய பாக் லைன் நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர்தான். மேட் விரிப்பில் ஆடிய முதல் ஆட்டத்தில் அந்த 3 மீட்டர் போகவே எனக்கு மூச்சு முட்டியது. பாக் லைனை ஒரு காலால் தாண்டிவிட்டுத் திரும்பினேன். புள்ளியில்லாத வெறும் ரெய்டு. அடுத்ததும் வெறும் ரெய்டு. மூன்றாவதில் புள்ளி எடுக்காவிட்டால் அவுட். கவரில் நின்றவளின் தோளைத் தொட்டேன்; கார்னர் பெண் பாய்ந்தாள். யோசிக்க நேரமில்லை. இடது காலை ஊன்றித்தான் திரும்பியிருக்கிறேன், கோட்டைத் தாண்டி விழுந்த பிறகுதான் அது உறைத்தது. எழுந்து நிற்குமுன் முழங்காலை ஒரு முறை தடவிப் பார்த்தேன்.

ஆட்டத்தில் தோற்றோம். வீட்டுக்குப் போனதும் அம்மா எதுவும் கேட்காமல் டேப்பை எடுத்துச் சுற்றினார். வலது 49, இடது 48.5.

“இன்னும் அரை இருக்கிறது” என்றார். பிறகு பாதியில் விட்ட ஜாக்கெட்டை மிஷினுக்கு அடியில் தள்ளினார்.