அர்மேரோவுக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது

நேற்று ராத்திரியிலிருந்து கொலம்பியாவின் அர்மேரோ ஊர் மனசை விட்டுப் போகவில்லை.

1985 நவம்பர் 13. நெவாதோ தெல் ரூயிஸ் எரிமலை இரவு 9 மணி சுமாருக்கு வெடித்தது. பெரிய வெடிப்புகூட இல்லை. ஆனால் உச்சியில் பனிப்பாறை. சூடான சாம்பலும் கல்லும் பட்டு அது உருகி, ஆற்றுப் பள்ளத்தாக்கின் மண்ணையும் பாறையையும் வாரிக்கொண்டு, ஈர சிமெண்ட் கலவை மாதிரி இறங்கியது. 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, சுமார் இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் ஊரை அடைந்தது. 20,000 பேருக்கு மேல் செத்துப்போய்விட்டார்கள்.

இரண்டரை மணி நேரம்! மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். ஒரு மாதம் முன்பு வந்த அபாய வரைபடத்திலேயே அந்த ஊர் இருந்தது. 1845-லும் இதே இடத்தைச் சேறு மூடியிருக்கிறது.

அப்புறம் 1998-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை விஞ்ஞானிகள் ஒரு கணக்கு முறையை வெளியிட்டார்கள். பெயர் லஹார்ஸ். 9 எரிமலைகளின் 27 சேற்றோட்டங்களை ஆராய்ந்து, இத்தனை கனமீட்டர் சேறு கிளம்பினால் பள்ளத்தாக்கின் குறுக்கே எவ்வளவு நிரம்பும், எவ்வளவு நிலம் மூடும் என்று இரண்டே சமன்பாடுகள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, வரைபடத்தில் ஒரே கோட்டோடு நிறுத்தாததுதான். சின்னது, நடுத்தரம், பெரியது என்று பல அளவுகளுக்கு ஓட்டிப் பார்த்து, ஒன்றுக்குள் ஒன்றாக வண்ணப் பட்டைகள் போடுகிறார்கள். தன் வீடு எந்தப் பட்டையில் என்று பள்ளிப் பிள்ளையும் விரல் வைத்துக் காட்டலாம்.

1985-ல் அன்று, 9 மணி வெடிப்புக்கு முன்னால், சாயங்காலமே அர்மேரோவில் சாம்பல் கொட்டியது. பதறாமல் வீட்டிலேயே இருங்கள் என்றுதான் சனங்களுக்குச் சொன்னார்கள்.