பின்னால் மிதித்தால் முன்னால் போகும் சைக்கிள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் எண்பதுகளின் கடைசி வரைக்கும் சைக்கிளுக்கு இரண்டே நிறம்தான். ஒன்று கறுப்பு. இன்னொன்று, தேவனாம்பட்டினத்து உப்புக்காற்று பட்டுப் பட்டு அந்தக் கறுப்பும் போன நிறம். கம்பெனி மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். வாத்தியார் வீட்டில் ராலே, தபால்காரரிடம் அட்லஸ், எங்கள் வீட்டில் ஹெர்குலிஸ். எல்லாமே பெரியவர்கள் வண்டி. நாங்கள் பாருக்கு நடுவே காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டு வளர்ந்த பிள்ளைகள்.

இந்தக் கறுப்பு உலகத்துக்குள் ஒரு பையனுக்கு பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். வந்தது. பச்சை. அவன் அதை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். பெல்லை ஒரு தடவை அடித்துப் பார்க்க ஒரு கமர்கட் வாங்கிக்கொள்வான். சீட்டில் உட்கார்ந்து பார்க்க என்ன விலை என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

அதற்கு மேலே உலகத்தில் என்னென்ன சைக்கிள் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு வழியே இல்லை. பேப்பரில் வரும் விளம்பரம், சைக்கிள் கடைக் காலண்டர், அவ்வளவுதான். எனக்கு மட்டும் ஒரு கூடுதல் வழி இருந்தது. அத்தை பாண்டிச்சேரியில், குருசுக்குப்பத்தில் குடியிருந்தாள். ஆல்பேட்டை தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலம் ஏறி இறங்கினால் கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று போகும். இருபது கிலோமீட்டரும் கொஞ்சமும்தான். ஆனால் சைக்கிள் விஷயத்தில் அது வெளிநாடு.

அத்தை வீட்டின் ஓனர் ஒரு சொல்தா தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களைப் பாண்டியில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். ஜூலை 14 வந்தால் கோட்டு போட்டு, மெடல்களை வரிசையாகக் குத்திக்கொண்டு, கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்குக் கிளம்பிவிடுவார். மற்ற நாட்களில் லுங்கி. என்னைப் பார்த்தால் "வா முசே" என்பார், பிரெஞ்சில் 'ஐயா' என்கிற மாதிரி. கடலூரில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதால் அவர் எதைச் சொன்னாலும் நம்பினேன்.

அவருக்குப் பாரீசில் ஒரு பேரன். பள்ளிக்கூட லீவுக்கு ஆகஸ்ட் மாதம் வருவான். 1989-இல் வந்தபோது விளையாட்டுப் பத்திரிகை ஒன்று கொண்டு வந்திருந்தான். அந்த ஜூலையில்தான் டூர் த பிரான்ஸ் பந்தயத்தின் கடைசி நாளில் அமெரிக்காக்காரர் கிரெக் லெமாண்ட், பிரான்சின் லோரான் ஃபின்யோனை மொத்தக் கணக்கில் எட்டே எட்டு விநாடி வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எட்டு விநாடி! ஐம்பது விநாடி பின்தங்கியிருந்தவர், வெர்சாய்லிருந்து பாரீசுக்கு 24.5 கிலோமீட்டரைத் தனியாக ஓட்டிய கடைசிப் போட்டியில் அதை எட்டிப் பிடித்து மேலேயும் போய்விட்டார். லெமாண்ட் சைக்கிளில் ஹேண்டில்பாருக்கு முன்னால் இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது. முழங்கையை ஊன்றிக் கவிழ்ந்து படுத்தமாதிரி ஓட்டினார். ஃபின்யோன் தலையில் ஹெல்மெட் இல்லை, பின்னால் குதிரைவால் முடி பறந்துகொண்டிருந்தது. அந்த முடியில் காற்று பிடித்துத்தான் தோற்றார் என்று அங்கே பேசிக்கொண்டார்களாம். இதை நான் வீட்டில் சொன்னேன். அப்பா மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முடிச் சமாச்சாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அன்றைக்கே என்னை சலூனுக்கு அழைத்துப் போனார்.

கொம்பு விஷயத்தை எடுத்துக்கொண்டவன் என் சேக்காளி. அவனுக்கு டைனமோ என்று பெயர். வண்டி ஓடினால்தான் வாயும் ஓடும். கரண்டு ஒயர் போகும் பி.வி.சி. குழாயில் இரண்டு துண்டு அறுத்து, பழைய ட்யூப் வாரால் ஹேண்டில்பாரில் இறுக்கிக் கட்டி, கெடிலம் பாலத்துச் சரிவில் முழங்கை ஊன்றி இறங்கினான். வேகமெல்லாம் நன்றாகத்தான் வந்தது. பிரேக் பிடிக்கக் கை இல்லை. கீழே நின்றிருந்த வைக்கோல் வண்டியில் தலையோடு போய்ச் செருகினான். வண்டிக்காரர் அவனை உருவி எடுத்துவிட்டு, "பிரேக் இங்க இருக்கு, கையை எங்கடா வெச்சிருந்த?" என்றார். லெமாண்டிடமும் யாராவது இதைக் கேட்டிருக்கலாம்.

அந்தப் பேரன் இன்னொரு கேள்வியும் கேட்டு வைத்தான். "உங்க சைக்கிள் எத்தன கிலோ?" சைக்கிளுக்குக் கிலோக் கணக்கு உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெல்ஜியத்து எடி மெர்க்ஸ் 1972-இல் மெக்சிகோ நகரத்தில் ஒரே மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தார் இல்லையா, அதற்காக இத்தாலியில் கொல்னாகோ செய்து கொடுத்த சைக்கிள் ஆறு கிலோ கூட இல்லையாம். ஆறு கிலோ! எங்கள் வீட்டு அரிசிப் பையே அதற்கு மேல் இருக்கும்.

கடலூர் திரும்பியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பாவின் ஹெர்குலிஸை உருட்டிக்கொண்டு பழைய பேப்பர் கடைக்குப் போனேன். பெரிய தராசு அங்கேதான் இருந்தது. "அண்ணே, இதை எடை போட்டுச் சொல்லுங்கண்ணே" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தூக்கி மாட்டி, "இருபத்திரண்டு. சீட்டும் டயரும் கழிச்சா இரும்பு பதினெட்டு தேறும். அப்பாவுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்று உண்மையைச் சொன்னேன்.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஏண்டா, சைக்கிளை எடைக்குப் போடற அளவுக்கு இந்த வீட்டுல உனக்கு என்னடா குறைச்சல்?"

"இல்லப்பா, மெர்க்ஸ் சைக்கிள் ஆறு கிலோதான்னு…"

"மெர்க்ஸா? யாருடா அவன்? அவன்கூடதான் இப்ப சுத்திக்கிட்டு இருக்கியா?"

அதற்கப்புறம் கொஞ்ச நாள் ஹெர்குலிஸுக்குச் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியில் பூட்டு.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது கொல்னாகோ இல்லை. சொல்தா தாத்தா வீட்டில் பீரோவின் நொண்டிக் காலுக்கு அண்டைக் கொடுத்திருந்த ஒரு தடிப் புத்தகம். பீரோவை நகர்த்தி வெள்ளையடித்த நாளில் அது வெளியே வந்தது. சேந்த் எத்தியேன் என்ற ஊரில் 1885-இல் ஆரம்பித்த மனுஃப்ரான்ஸ் கம்பெனியின் கேட்லாக். துப்பாக்கி, தூண்டில், தையல் மிஷின், சைக்கிள் எல்லாவற்றையும் ஒரே கம்பெனி தபாலில் விற்றிருக்கிறது. அட்டை போய்விட்டதால் எந்த வருஷத்தது என்று தெரியவில்லை. இது எங்கே கிடைத்தது என்று தாத்தாவைக் கேட்டால் ஒரு நாள் மர்சேய் என்பார், ஒரு நாள் சைகோன் என்பார்.

அதில் இரோந்தெல் என்று அவர்கள் கம்பெனி சைக்கிள்கள் பக்கம் பக்கமாக இருந்தன. போட்டோ இல்லை, கோட்டுப் படங்கள். ஒவ்வொரு போக்ஸ் கம்பியையும் தனித்தனியாக எண்ணலாம். அதில் ஒரு வண்டியின் செயின் மட்டும் விசித்திரமாக ஏறி இறங்கி முறுக்கிக்கொண்டு போனது. தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரெஞ்சில் முணுமுணுத்துப் படித்துவிட்டு, "ரெத்ரோ திரெக்த்" என்றார். "முன்னால மிதிச்சா வேகமா போகும் முசே. மேடு வந்துச்சுன்னா பின்னால மிதிக்கணும். அப்பவும் முன்னாலதான் போகும், லேசா ஏறும்."

"பின்னால மிதிச்சா முன்னாலயா?"

"அப்படித்தான் போட்டிருக்கான்."

எங்கள் ஊரில் பின்னால் மிதித்தால் பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீல் பிடிக்காமல் சும்மா சுற்றி 'டிக் டிக் டிக்' என்று சத்தம் வரும். வேறு எதுவும் வராது. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். ஒரு தாள் குறைந்தாலும் பீரோ ஆடும் என்று தாத்தா மறுத்துவிட்டார். பென்சிலை எடுத்து ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்புறம் வரைந்துகொண்டு கடலூர் வந்தேன். செயின் வரைய வராமல் கைமுறுக்கு போல வந்திருந்தது.

மஞ்சக்குப்பத்தில் நாங்கள் எல்லோரும் கூடும் இடம் வாடகை சைக்கிள் கடை. அங்கே கடைக்கார அண்ணன் சொன்னால் சொன்னதுதான். ரிம்மில் கோட்டம் எடுக்கும்போது சக்கரத்தைச் சுழற்றி, கட்டைவிரல் நகத்தை லேசாகப் பக்கத்தில் வைப்பார். எந்த இடத்தில் நகம் உரசுகிறதோ அந்த போக்ஸை ஒரு திருகு. கருவி கிருவி எல்லாம் அந்த நகம்தான். அப்படிப்பட்டவரிடம் என் கல்யாணப் பத்திரிகையை நீட்டினேன்.

பார்த்தார். திருப்பி மாப்பிள்ளை பெயரைப் படித்தார். மறுபடி திருப்பினார்.

"பின்னால மிதிச்சா முன்னால போகுமா? நீ முதல்ல முன்னால மிதிச்சு முன்னால போடா. போன மாசம் ட்ரெய்னேஜ்ல கிடந்தவன்தானே நீ?"

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த பையன் சொலூஷனைக் காய விடாமல் ஒட்டிவிட்டான். டைனமோகூட எதிர்க்கட்சி. "கடலூர்ல மேடு ஏது? ரெண்டு பாலம், விட்டா கேப்பர் மலை. அங்க இருக்கறது ஜெயிலு. ஜெயிலுக்குப் போறவனுக்கு எதுக்குடா லேசா ஏறணும்?" என்றான். என்னிடம் பதில் இல்லை. சாட்சிக்கு இருந்த ஒரே புத்தகம் பாண்டியில் ஒரு பீரோவுக்கு அடியில் இருந்தது. இப்போது என்றால் போனைத் தட்டி மூஞ்சிக்கு நேரே நீட்டியிருப்பேன். அன்றைக்கு ஒரு விஷயம் உண்மை என்று நிரூபிக்க பஸ் பிடிக்க வேண்டும். அதற்கு அப்பாவிடம் காசு கேட்க வேண்டும். அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். அதனால் தெருவில் என் பெயர் 'ரிவர்ஸ்' என்று ஆனது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அண்ணன் கூப்பிட்டார். "டேய் ரிவர்ஸு, இங்க வா."

ஒரு இரும்புக் குழாயில் துணி சுற்றி, அதன்மேல் பழைய ஃப்ரீவீல் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் இறுக்கிச் செருகி வைத்திருந்தார். ஒரு நீளச் செயின் முதல் ஃப்ரீவீலுக்கு மேலாகப் போய், கீழே ஒரு குட்டிச் சக்கரத்தில் திரும்பி, இரண்டாவதுக்கு அடியாக வந்தது. ஒரு முனையை என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். ஒரு ஃப்ரீவீல் பிடித்துக் குழாயைச் சுற்றியது; மற்றது 'டிக் டிக்' என்று சும்மா ஓடியது. "இப்ப விடு" என்று மறு முனையை அவர் இழுத்தார். சும்மா ஓடியது பிடித்தது, பிடித்தது சும்மா ஓடியது. செயினை எந்தப் பக்கம் இழுத்தாலும் குழாய் ஒரே பக்கம்தான் சுற்றியது.

"பாத்தியா? ஒண்ணு சின்னப் பல், ஒண்ணு பெரிய பல்லா போட்டா, அதுதான் அவன் சொல்ற கியரு. உன் படத்துல செயின் சரியாத்தான் இருந்துச்சு."

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. "அப்ப செஞ்சிரலாமாண்ணே? ஒண்ணு செஞ்சு குடுங்கண்ணே."

அவர் பதில் சொல்லாமல் குழாயைக் கையால் பிடித்துப் பின்பக்கமாகத் திருப்பினார். இரண்டு ஃப்ரீவீலும் ஒரே நேரத்தில் பிடித்தன. ஒன்று செயினை இந்தப் பக்கம் இழுக்க, ஒன்று அந்தப் பக்கம் இழுக்க, செயின் விறைத்து நின்றது. அவ்வளவுதான். அசையவில்லை.

"வண்டியைப் பின்னால உருட்டவே முடியாது. உங்க வீட்டு நடையில இருந்து சைக்கிளை எப்படி எடுப்ப? தூக்கிக்கிட்டு வருவியா?"

எங்கள் வீட்டு நடை ஒரு ஆள் அகலம். அப்பா தினமும் ஹெர்குலிஸைப் பின்னால் உருட்டித்தான் வாசலுக்குக் கொண்டு வருவார். நான் அதை யோசிக்கவே இல்லை. பிரான்சில் அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டேன்.

"வெள்ளைக்காரன் வீட்டு நடை அகலமா இருக்கும்டா. உள்ளயே வட்டம் அடிச்சுத் திருப்பிருவான்" என்று சொல்லிவிட்டு ஃப்ரீவீல்களைக் கழற்றி மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டார். டைனமோவிடம் இதையெல்லாம் சொல்லச் சொல்லி எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். சொல்லவில்லை. கடை மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

எனக்குச் சைக்கிள் வாங்கிய கதையில் சொல்ல ஒன்றும் இல்லை. பத்தாவது பாஸ் செய்தேன், அப்பா ஹெர்குலிஸ் வாங்கினார். கறுப்பு.

போன தீபாவளிக்குக் கடலூர் போயிருந்தபோது கடைப் பக்கம் போனேன். இப்போது மகன் கியர் சைக்கிள் பார்க்கிறான். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் குறை சொல்கிறார். போனில் ரெத்ரோ திரெக்த் வீடியோ ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டினேன். ஒரு வெள்ளைக்காரர் பழைய சைக்கிளில் சமதரையில் முன்னால் மிதித்து வந்து, மேடு வந்ததும் நிதானமாகப் பின்னால் மிதித்து ஏறிக்கொண்டே போனார். அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுசாகப் பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். மகனையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"எல்லாம் சரி" என்றார். "இறங்கிப் பின்னால உருட்டிக் காட்டினானா?"

"இல்லண்ணே. அது வீடியோவுல இல்ல."

"காட்ட மாட்டான்."