பதினாறு வாரம் தண்ணீர் ஊசியா?

கறுப்புச் சட்டை போட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. தோளில் செதில் உதிர்வதைப் பார்த்து "பொடுகா அண்ணே?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். சொரியாசிஸ் என்று சொன்னால் அடுத்து "ஒட்டுமா?" என்பார்கள். ஒட்டாது. ஆனால் நான் நீட்டுகிற ஜெராக்ஸ் தாளை நுனியில் பிடித்து வாங்குகிறவர்களிடம் அதை எத்தனை தடவைதான் சொல்வது?

வெட்பாலைத் தைலம், ஆயின்ட்மென்ட், வாரம் மூன்று நாள் புற ஊதா ஒளிச் சிகிச்சை, வாரத்துக்கு ஒருநாள் மீத்தோட்ரெக்சேட் மாத்திரை என்று எல்லாம் பார்த்தாயிற்று. மாத்திரையால் ஈரல் என்சைம் ஏறியது. அளவைக் குறைத்ததும் அது இறங்கியது, கூடவே படையும் திரும்பி வந்தது. அடுத்து பயாலஜிக் ஊசிதான், உயிரணுக்களில் தயாரிக்கிற மருந்து என்றார் தஞ்சாவூர் டாக்டர். ஒரு ஊசிக்கு அவர் சொன்ன விலை என் இரண்டு மாத வருமானம். நான் வாயைத் திறக்கவில்லை என்றதும், "சென்னையில் ஒரு மருந்து ட்ரையலுக்கு ஆள் எடுக்கிறார்கள், கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றார்.

"காசு இல்லேன்னு உடம்பையாடா குடுப்பே?" என்று அம்மா அழுதாள். அவளுக்காகவே சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டைத் தேடிப் பார்த்தேன். 2009 ஜூன் முதல் இந்தியாவில் நடக்கிற மருந்து ஆய்வுகளை ஆள் சேர்க்கும் முன்பே அதில் பதிந்தாக வேண்டும். டாக்டர் சொன்ன ஆய்வு இருந்தது. மூன்றாம் கட்டம், அறநெறிக் குழு ஒப்புதல் பெற்றது, யார் சேரலாம், யார் சேர முடியாது என்ற பட்டியல் எல்லாம் போட்டிருந்தார்கள்.

உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி எழும்பூரில் இறங்கினேன். சம்மதப் படிவம் தமிழில் இருபத்து மூன்று பக்கம். 'மருந்துப்போலி' என்ற சொல்லை அன்றுதான் முதலில் படித்தேன். மூன்று பேரில் ஒருவருக்கு முதல் பதினாறு வாரம் மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, ஊசி போடுகிறவருக்கும் தெரியாது. கையெழுத்து போடாமல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார் கோஆர்டினேட்டர். ஆய்வால் உடம்புக்கு ஏதாவது ஆனால் வைத்தியச் செலவு அவர்களுடையது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற இரண்டு வரிகளையும் அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

அடுத்த பயணத்தில் தேர்வு. விரல்களோடு சேர்த்து நம் உள்ளங்கை அளவு இடம் உடம்பில் ஒரு சதவீதம் என்று கணக்கு. படை பத்து சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எனக்கு இருபத்திரண்டு. சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றையும் பார்த்து 72க்குப் போடுகிற பாசி (PASI) மதிப்பெண் குறைந்தது 12 வேண்டும், எனக்கு 19.4. மதிப்பெண் அதிகம் வந்ததற்காகச் சந்தோஷப்பட்டது பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அன்றுதான். மார்பு எக்ஸ்ரே, மஞ்சள் காமாலை, எச்ஐவி, காசநோய் எல்லாவற்றுக்கும் சோதனை. பக்கத்து நாற்காலிக்காரருக்கு உள்ளே உறங்கும் காசநோய் இருந்தது. தடுப்பு மாத்திரையை ஆரம்பித்த பிறகு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

எனக்குக் கொடுமையாக இருந்தது ஊசி இல்லை, அதற்கு முந்தைய நான்கு வாரம்தான். பழைய மருந்து உடம்பை விட்டுப் போக வேண்டுமாம். மாத்திரை நின்றது, பிறகு களிம்பும் நின்றது. அனுமதித்த ஈரப்பசைக் க்ரீம் மட்டும் தடவலாம். முதுகு வெடித்துப் பனியன் ஒட்டிக்கொள்ளும். விலகிவிடலாமா என்று இரண்டு முறை போனை எடுத்து வைத்தேன்.

அப்புறம் வயிற்றில் ஊசி. பதினாறு வாரமும் ஒன்றும் மாறவில்லை. கூடவே வந்த திண்டிவனத்துக்காரருக்கு ஆறாவது வாரமே முழங்கால் வழுவழுப்பானது. நமக்குத் தண்ணி ஊசிதான் என்று மனசுக்குள் முடிவுகட்டிவிட்டேன். கேட்டால் கோஆர்டினேட்டர் சிரிப்பார், அவ்வளவுதான். அதன்பின் எல்லோருக்கும் மருந்து என்பது படிவத்திலேயே இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு போய் வந்தேன்.

இருபத்தெட்டாவது வாரம் என் மதிப்பெண் 1.6. வாயில் வெள்ளைப் படலம் வந்தது. இந்த வகை மருந்து தடுக்கிற இன்டர்லூக்கின் 17 என்ற புரதம் பூஞ்சையை விரட்டவும் உடம்புக்குத் தேவையாம். அதற்கு மருந்தை இலவசமாகவே கொடுத்தார்கள். தீபாவளிக்குக் கறுப்புச் சட்டை எடுத்தேன். ரயில் காசில் இரண்டு தவணை மட்டும் இழுத்தடித்தார்கள், மூன்றாம் முறை கேட்டு வாங்கினேன்.

52 வாரத்தோடு ஆய்வு முடிந்தது. இங்கேதான் நான் சறுக்கினேன். அதன் பிறகு மருந்து கிடைக்குமா என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகளில் அதற்கு வழி உண்டு, ஆனால் வேறு சிகிச்சை இல்லாத நோயாளிக்குத்தான். சொரியாசிஸுக்கு வேறு சிகிச்சைகள் இருக்கின்றன, வாங்கக் காசு இல்லை என்பது கணக்கில் வராது.

ஐந்தாவது மாதம் இடது முழங்கையில் நாணயம் அளவுக்குத் திரும்பியது. பதிவேட்டில் மறுபடி தேடினேன். புதிதாக ஒரு ஆய்வு, அதே மருத்துவமனை. சேர முடியாதவர்கள் பட்டியலில் மூன்றாவது வரி: இன்டர்லூக்கின் 17ஐத் தடுக்கும் மருந்தை முன்பு எடுத்தவர்கள். கோஆர்டினேட்டருக்குப் போன் செய்தேன். "நானே உங்களுக்குச் சொல்லணும்னு இருந்தேன் சார்" என்றார்.